மூன்றாம் தளத்துச் சேரி

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் மறித்து நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பலில் இந்தியர்கள் 138 பேர் இருந்தார்கள். அதில் பயணிகள் 6 பேர். மீதி 132 பேரும் வேலைக்காரர்கள். சமைக்கிறவன், பரிமாறுகிறவன், பாத்திரம் கழுவுகிறவன், மெத்தை விரிக்கிறவன், காவல் நிற்கிறவன். கொரோனா காலத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. கவிதைத் தொகுப்புகள் மட்டுமே ஒரு மூட்டை தேறும், அதில் என்னுடையதும் உண்டு. ஆனால் இந்த ஆறையும் நூற்று முப்பத்திரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் கணக்குப் பார்த்த மாதிரி தெரியவில்லை. கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. கீழ்பென்னாத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர் நான். ஆகவே பார்த்துவிடுவோம்.

கப்பலில் மொத்தம் 3,711 பேர். ஆயிரத்துச் சொச்சம் பேர் பணியாளர்கள், மற்றவர்கள் பயணிகள். ஜனவரி 25ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பயணிக்கு நோய் இருப்பது பிப்ரவரி முதல் தேதி தெரிந்தது. 5ஆம் தேதி காலையில் பயணிகள் எல்லோரும் அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. இரண்டு வாரம். அதற்கு உலகம் கொடுத்த பெயர் தனிமைப்படுத்தல். இந்த வார்த்தையில்தான் எல்லாச் சூதும் இருக்கிறது. இரண்டாயிரத்து அறுநூறு பேர் அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு மூன்று வேளை சோறு எப்படி வந்தது? அழுக்குத் துணி எங்கே போனது? எச்சில் தட்டை யார் எடுத்தது? தட்டு நடந்து வரவில்லை, தோழர்களே. ஆள் கொண்டுவந்து வைத்தான். முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு, கதவு கதவாகத் தட்டி வைத்துவிட்டுப் போனான். போய் எங்கே தூங்கினான் என்றால், அடித்தளத்தில் இரண்டு பேர் மூன்று பேராகப் பங்கு போட்ட அறையில் தூங்கினான். பணியாளர் சாப்பாட்டுக்கூடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட்டான். காலையில் எழுந்து மறுபடியும் வண்டியைத் தள்ளினான்.

ஒருத்தன் தனியாக இருப்பதற்கு இன்னொருத்தன் கும்பலாக இருந்தாக வேண்டும். ஒருத்தன் தொடாமல் இருப்பதற்கு இன்னொருத்தன் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். இதை நமக்கு யோகோஹாமாவிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட தெருவில் பிறந்த எவனுக்கும், எவளுக்கும் இது பால்குடி நாளிலிருந்தே தெரியும். ஊர் சுத்தமாக இருக்கிறது என்றால் அந்தச் சுத்தத்தை யாரோ தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். செத்த மாட்டை இழுத்தவன், பிணத்துக்குப் பறையடித்தவன், பீயள்ளியவள், இவர்கள் இல்லாமல் எந்த அக்கிரகாரத்தின் மடியும் ஆசாரமும் ஒரு நாள் தாங்கியிருக்காது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார ஏட்டில் 2020 மார்ச்சில் ஒரு சின்ன அறிக்கை வந்தது. இரண்டே பக்கம் தேறும். பிப்ரவரி 9 வரைக்கும் நோய் உறுதியான கப்பல் பணியாளர்கள் 20 பேர். அதில் 15 பேர் உணவுப் பிரிவுக்காரர்கள். இருபதில் 16 பேருக்கு அறை இருந்தது ஒரே தளத்தில், மூன்றாம் தளத்தில். உணவுப் பிரிவுக்காரர்களைக் குடிவைத்த தளம் அது. அறிக்கை எழுதிய மருத்துவர்கள் சாதாரண மொழியில், எண்ணாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படித்ததும் எங்கள் தெரு ஞாபகம் வந்தது. காலனிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஏன் காலனிக்கே வருகிறது என்று சுகாதார ஆய்வாளர் எழுதிக்கொண்டு போவாரே, அதே மாதிரி. தண்ணீர்த் தொட்டியும் சாக்கடையும் எங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேதான் வரும். மூன்றாம் தளம் என்பது அந்தக் கப்பலின் சேரி.

உடனே ஒரு கேள்வி வரும். பயணிகளுக்குத்தானே அய்யா அதிகம் வந்தது? வந்தது. மறைப்பானேன். மொத்தம் நோய் கண்ட 712 பேரில் 567 பேர் பயணிகள், 145 பேர் பணியாளர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதான பயணிகள். அவர்களுக்காக நமக்கும் வருத்தம் உண்டு, கிழவன் கிழவி சாவில் என்ன வர்க்கம் பார்க்கிறது. ஆனால் பயணிகளில் பெரும்பகுதிக்கு அடைப்புக்கு முன்பே, ஆட்டமும் விருந்தும் நடந்த நாட்களிலேயே தொற்றிவிட்டது என்பது ஜப்பானிய ஆய்வு சொல்வது. அடைத்த பிறகு பயணிகளிடம் புதிய தொற்று இறங்கிக்கொண்டே வந்தது. பணியாளர்களிடம் அடைப்பு நாட்களிலேயே பரவிக்கொண்டிருந்தது. அதாவது தனிமைப்படுத்தல் வேலை செய்தது. யாருக்காகப் போட்டார்களோ அவர்களுக்கு வேலை செய்தது.

அந்த நாட்களில் கப்பலுக்குள்ளிருந்து கைபேசியில் பேசிப் படம் பிடித்து அனுப்பினார்கள் நம்மவர்கள். ஒரு தமிழ் இளைஞரும் ஒரு வங்காளச் சமையற்காரரும் பேசியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அவர்கள் கேட்டது பெரிய புரட்சியெல்லாம் கிடையாது. எங்களுக்கும் சோதனை செய்யுங்கள், நோய் வந்தவனையும் வராதவனையும் பிரித்து வையுங்கள், ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பயணிகளுக்குச் செய்ததை எங்களுக்கும் செய்யுங்கள் என்று கேட்பதற்கு வேலைக்காரன் பிரதமரைக் கூப்பிட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற முதலாளியிடம் கேட்க முடியவில்லை. 19ஆம் தேதியிலிருந்து பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள். 27ஆம் தேதி ஏர் இந்தியா தனி விமானத்தில் 119 இந்தியர்கள் டெல்லிக்கு வந்தார்கள். நோய் கண்ட 16 பேர் ஜப்பான் மருத்துவமனைகளில். கப்பலின் இத்தாலியத் தலைவர் மார்ச் முதல் தேதி கடைசி ஆளாக இறங்கினார். உலகம் அவரை வீரர் என்றது, அவர் நாட்டுக் குடியரசுத் தலைவர் விருது கொடுத்தார். கொடுக்கட்டும், கடைசியில் இறங்கினவர்தானே. தள்ளுவண்டி தள்ளினவனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதுதான் நம் கேள்வி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 132 பேரும் நம் தெருக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லாச் சாதியும் இருந்திருக்கும். கப்பலில் சாதி கேட்பதில்லை என்பதுதான் நம் பிள்ளைகளை அங்கே இழுக்கிற முதல் விஷயம். சம்பளம் இரண்டாவது. திருவண்ணாமலையில் ஓட்டல் வேலைக்குப் போனால் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று மூன்றே கேள்வியில் உன்னை எடுத்து அடுப்படியில் போடுவான், கல்லாவில் போட மாட்டான். கோயிலூர் ஓட்டல்களில் பரிமாறுகிற இடத்துக்கு யார் வர முடிந்தது, பின்கட்டில் பாத்திரம் விளக்க யார் போக முடிந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கிக் கப்பலேறித் திரும்பிய அம்பேத்கருக்கே பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்காமல் போனது. கப்பலில் கிடைத்தது, கரையில் கிடைக்கவில்லை. அதனால் கடல் என்றால் நமக்கு ஒரு விடுதலை வாசனை அடிக்கத்தான் செய்யும். அந்த வாசனையை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

ஆனால் கப்பல் தெருவைக் கேட்காது, பாஸ்போர்ட்டைக் கேட்கும். மேலே தலைவரும் அதிகாரிகளும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். கீழே வர வர பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. ஒரே கப்பலில் ஒரே கடலில் வேலை செய்கிறவர்களுக்கு எந்த நாட்டான் என்பதைப் பொறுத்து வேலை, வேலையைப் பொறுத்து அறை, அறையைப் பொறுத்து எந்தப் படிக்கட்டில் ஏறலாம் என்பது. பயணிகள் உலாவுகிற தளத்தில் வேலை இல்லாமல் போய் நிற்க அடிமட்டப் பணியாளனுக்கு அனுமதி இல்லை. தோளில் பட்டை வைத்தவர் போகலாம். அவனுக்கென்று தனி நடைபாதை, தனிப் படிக்கட்டு. ஊர்த் தெருவில் செருப்பு போட்டு நடக்காதே என்றவனுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் நீ இறங்கிப் போகலாம். சேரியில் அந்த ஒப்பந்தம் முடிவதே இல்லை. இந்த வித்தியாசம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. என்றாலும் அம்பேத்கர் நமக்குப் புரியவைத்த படிநிலைச் சமத்துவமின்மை இருக்கிறதே, ஒவ்வொருத்தனுக்கும் கீழே ஒருத்தனை வைத்து அவனை ஆறுதல்படுத்துகிற அந்தத் தந்திரம், அது கப்பல் முதலாளிக்கு மனு சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

2020 மார்ச் 14இல் அமெரிக்கா, பயணக் கப்பல்கள் எதுவும் ஓடக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஏப்ரலில் அதை நீட்டித்தபோது அவர்களே சொன்ன எண்ணிக்கை: அமெரிக்கக் கரையோரக் கடல்களில் சுமார் 100 கப்பல்கள், அவற்றில் கிட்டத்தட்ட 80,000 பணியாளர்கள். பயணிகளை எப்பாடு பட்டாவது இறக்கிவிட்டார்கள். விருந்தாளி போனபிறகு சமையற்காரன் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்ட கதை இது. பணியாளர்களை இறக்கலாம், ஆனால் பொது விமானத்தில் ஏற்றக் கூடாது, தனி வண்டி, தனி விமானம் வைத்துக் கூட்டிப் போக வேண்டும், விதிமீறல் நடக்காது என்று கம்பெனியின் பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்றது அரசு. செலவு அதிகம் என்றது கம்பெனி. கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்தில் வாரங்கள் போயின, மாதங்கள் போயின. ஒப்பந்தம் முடிந்தவனுக்குச் சம்பளம் நின்றது. மே மாதம் ஒரு கப்பலில் ருமேனியப் பணியாளர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்தார்கள். வெவ்வேறு கப்பல்களில் சிலர் உயிரை விட்டார்கள், கடலில் குதித்தவர்கள் உட்பட. அவர்கள் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. அவர்களுக்கும் அம்மா இருப்பாள்.

எங்கள் கிளைக்கு வந்துபோகிற ஒரு பையன் அந்த 80,000 பேரில் ஒருத்தன். பெயர் வேண்டாம். பக்கத்துக் கிராமத்துக் காலனி. திருவண்ணாமலையில் கேட்டரிங் படித்தான். வேலை, ஒரு அமெரிக்கக் கம்பெனிக் கப்பலின் அடுக்களையில் பாத்திரம் கழுவுவது. கப்பலில் அடுக்களைக்குக் 'கேலி' என்றுதான் பேராம். பொருத்தமான பேர். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“பாசஞ்சருங்க எல்லாம் எறங்கனப்புறம் எங்கள மேல ரூமுக்கு மாத்துனாங்கண்ணா. ஆளுக்கு ஒரு ரூம். பால்கனி வெச்சது. நான் அஞ்சு மாசமா அந்தப் பக்கம் போனதே கெடையாது. மெத்தை இன்னா மெத்தை, போட்டா உள்ள போவுது. மொத நாளு போட்டோ புட்சி அம்மாவுக்கு அனுப்சேன். நாலாம் நாளு அழுவாச்சி வந்துடுச்சி. எதுத்தாப்புல கரை தெரியுது, ராத்திரி லைட்டு தெரியுது, கார் போறது கூட தெரியுது. எறங்க முடியல. சம்பளமும் நின்னுபோச்சி. ஒருத்தன் மூணு வேள சோத்த கதவாண்ட வெச்சிட்டுப் போவான். அவன் மட்டும் இன்னும் கீழ தூங்கறான்.”

அவனுக்குப் பால்கனி அறை கிடைத்ததும் அவனுக்குத் தட்டு வைக்க இன்னொருத்தன் மூன்றாம் தளத்தில் இருந்தான். இதற்கு மேல் நான் என்ன கட்டுரை எழுதுவது?

ஜூலை மாதம் வந்து சேர்ந்தான். வீட்டுச் சுவரில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தெரு முனையில் தகரம் அடித்தார்கள். ஊர்க்காரர்கள் கூலி வேலைக்குக் காலனியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, ஒரு மாதம். பையனுக்கு நோயே இல்லை, சோதனைத் தாள் கையில் இருந்தது. இதே ஊரில் சிங்கப்பூரிலிருந்து வந்த மேலத்தெருக்காரர் வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் வீட்டுக்குத்தான் ஒட்டினார்கள், தெருவுக்குத் தகரம் அடிக்கவில்லை. அந்த நாட்களில் சமூக இடைவெளி, சமூக இடைவெளி என்று ஒலிபெருக்கி கட்டிக் கத்தினார்களே, நம்மில் பலருக்குக் காது கூசியது. உலக சுகாதார நிறுவனமே மார்ச் மாதத்தில் 'உடல் இடைவெளி' என்று சொல்லலாம் என்றது. நம் அரசுகளுக்குச் சமூக இடைவெளி என்ற சொல்தான் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பழகிய நாக்கு.

இப்போது என் மேசைக் கணக்கு. அந்தப் பையன் கப்பலேற ஏஜெண்டுக்குக் கொடுத்தது ஒன்றரை லட்சம். அதில் பாதி அவன் அம்மா எங்கள் கிளையில் நகை வைத்து வாங்கியது. நகைக் கடனிலும் படிநிலை உண்டு, வெளியே தெரியாது. பட்டா, சிட்டா காட்டினால் விவசாய நகைக் கடன், வட்டி குறைவு. காட்ட நிலம் இல்லாதவளுக்கு அதே பவுன், அதே எடை, வட்டி கூடுதல். நிலமில்லாமல் வைத்தது யார் என்று அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. மீதிப் பாதி மகளிர் குழுவிலும், வட்டிக்காரரிடமும். 2020 மார்ச் 27இல் ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிப்போடலாம் என்றது. மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. தொலைக்காட்சியில் பெரிய சலுகை மாதிரி பேசினார்கள். தவணையைத்தான் தள்ளிப்போட்டார்கள், வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2021 மார்ச் ஆனது. குழுக்காரரும் வட்டிக்காரரும் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையைப் படிப்பதில்லை, வாசலில் வந்து உட்காருவார்கள். கடலில் மகனுக்குச் சம்பளம் நின்ற அதே நாட்களில் கரையில் அம்மாவுக்கு வட்டி நிற்கவில்லை. கம்பெனிக்கும் அப்போது கடன் தேவைப்பட்டது. அந்தத் தொழிலில் மிகப் பெரியதான கார்னிவல், அதுதான் டயமண்ட் பிரின்சசுக்கும் தாய்க் கம்பெனி, ஏப்ரல் முதல் வாரத்தில் சந்தையில் கோடிகோடியாக டாலர் திரட்டியது. சவூதி அரசின் நிதி அதில் 8.2 சதவீதப் பங்கை வாங்கியது. நகையை வைக்காமல் கடன் வாங்கத் தெரிந்தவர்கள்.

இந்தக் கார்னிவல் எந்த நாட்டுக் கம்பெனி? அலுவலகம் மயாமியில், அமெரிக்காவில். 2020இல் பதிவு பனாமாவில் இருந்தது. ராயல் கரீபியன் என்று இன்னொரு பெரிய கம்பெனி, அலுவலகம் அதே மயாமி, பதிவு லைபீரியாவில். நார்வேஜியன், பெர்முடாவில். கப்பல்களின் கொடியோ பகாமாஸ், பனாமா, பெர்முடா என்று பறக்கும். வரியையும் தொழிலாளர் சட்டத்தையும் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி இது. வசதிக்கொடி என்று சங்கங்கள் சொல்லும். 2020 மார்ச்சில் அமெரிக்கா கம்பெனிகளுக்கு நிவாரணம் கொடுத்தபோது, அமெரிக்கச் சட்டப்படி உருவான கம்பெனிகளுக்குத்தான் என்று எழுதியதால் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் கம்பெனிக்குச் சந்தை திறந்திருந்தது. டயமண்ட் பிரின்சசையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடி பிரிட்டன், கம்பெனி அமெரிக்காவில், தாய்க் கம்பெனியின் பதிவு பனாமா, தலைவர் இத்தாலி, நின்ற இடம் ஜப்பான், பாத்திரம் கழுவினவன் இந்தியா. பயணிகளை அவரவர் நாடு விமானம் அனுப்பி அழைத்தது. வேலைக்காரனுக்குச் சோதனை செய்வது யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டலாம். இதுவும் நமக்குப் பழக்கம்தான். கிணற்றில் மலம் கலந்தால் ஊராட்சியைக் கேள், வருவாய்த் துறையைக் கேள், காவல் துறையைக் கேள் என்பார்களே.

சொந்த நாடாவது? 2020 ஏப்ரல் நடுவில் மரெல்லா டிஸ்கவரி என்ற கப்பல் மும்பைக்கு வெளியே வந்து நின்றது. அதில் இந்தியப் பணியாளர்கள் சுமார் 145 பேர். சொந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிறது, இறங்க விதி இல்லை. கப்பல் பணியாளர்கள் ஏறவும் இறங்கவும் நடைமுறை என்ன என்று உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 21ஆம் தேதிதான் எழுதியது. 23ஆம் தேதி இறங்கினார்கள். ஊரடங்கு அறிவிக்க நாலு மணி நேரம் போதுமாக இருந்தது, இறக்கிவிட ஒரு மாதம் யோசிக்க வேண்டியிருந்தது. சாலையில் நடந்தே போனவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

தோழர் ஒருவர் இதைப் படித்துவிட்டுக் கேட்டார். நம் ஆட்கள் மலக்குழியில் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், நீ சொகுசுக் கப்பலுக்கு ஒப்பாரி வைக்கிறாயே, இது படித்து மேலே போனவனின் கவலை இல்லையா? நியாயமான கேள்வி, நம் பத்திரிகையில் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் சேரி எங்கே முடிகிறது என்று நாம் கோடு போட்டுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நம் பாட்டன்கள் எங்கே போனார்கள்? இலங்கை தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் அடைத்து வைத்து, துணியை அவித்து, உடம்பைச் சோதித்து, அதற்குப் பிறகுதான் கப்பலேற்றினார்கள். காலராவும் பிளேக்கும் இவர்கள் மேலே ஏறி வந்துவிடும் என்று பயம். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி நம் சனம். அதே இடம் பிறகு ஈழ அகதிகளுக்கு முகாம் ஆனது. மண்டபத்தில் கூலியை அடைத்துத் தோட்டத்தைக் காப்பாற்றினார்கள். யோகோஹாமாவில் கூலியைத் திறந்துவிட்டுப் பயணியைக் காப்பாற்றினார்கள். அடைக்கவும் திறக்கவும் சாவி அவர்கள் கையில். இரண்டுக்கும் நூறு வருட இடைவெளி. மலக்குழிக்கு உள்ளே இறக்குகிறவனும் இதே சாவிக்காரன்தான்.

கப்பல் செத்தால் அதுவும் நம்மிடம்தான் வருகிறது. மும்பையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கர்ணிகா என்ற சொகுசுக் கப்பல், நடத்திய கம்பெனி மூடிப்போனதால், 2020 கடைசியில் குஜராத்தின் அலங்குக் கடற்கரையில் உடைக்கப் போய்ச் சேர்ந்தது. முடக்கத்தில் விற்கப்பட்ட வேறு சில கப்பல்களும் அதே மணலில் ஏறின. அலங்கில் காஸ் வெட்டுகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கூலிகள். விருந்து நடந்த கூடத்தின் இரும்பை அறுத்து, கல்நார்த் தூசியைச் சுவாசிக்கிறவர்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

எங்கள் மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. கிரிவலம் இரண்டு வருடம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தடை. உள்ளே பூசை ஒரு வேளைகூட நிற்கவில்லை, மணியடித்தவருக்குச் சம்பளமும் நிற்கவில்லை. பதினாலு கிலோமீட்டர் பாதையில் எலுமிச்சைச் சாறு, சுண்டல், சூடம் விற்றவர்களுக்கும், லாட்ஜுகளில் படுக்கை விரிப்பு துவைத்தவர்களுக்கும் எல்லாம் நின்றது. உலகம் சுற்றுவதோ மலை சுற்றுவதோ, சுற்றுகிறவன் வீட்டில் உட்கார்ந்தால் முதலில் வயிறு காய்வது யாருக்கு என்பது ஒன்றுதான்.

இப்போது எல்லாம் பழைய மாதிரி ஓடுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட்டது. முதலமைச்சர் கொடியசைத்தார். அந்த எம்பிரஸ் கப்பல், ராயல் கரீபியன் கம்பெனி முடக்க காலத்தில் கைகழுவி விற்ற கப்பல்தான். சுற்றுலா வளர்கிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. தாட்கோ மூலமாக நம் பிள்ளைகளைத் தரமணி உணவு மேலாண்மை நிறுவனத்தில் சேர்த்துப் படிக்கவைக்கிறது அரசு. நல்ல காரியம், சேரட்டும், ஆயிரம் பேர் சேரட்டும். கப்பலுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? போகாதே என்றால் இங்கே எந்த ஓட்டலில் மரியாதையாக நிற்க வைப்பாய் என்று கேட்பான். அந்தப் பையனே 2022இல் மறுபடி ஏறிவிட்டான். இப்போது பாத்திரம் கழுவுவதில்லை, காய்கறி வெட்டுகிறான். ஒரு படி.

ஆனால் கத்தி பிடிக்கச் சொல்லித்தருகிற வகுப்பில் ஒப்பந்தம் படிக்கவும் சொல்லித்தர வேண்டும் என்று அரசிடம் கேட்கலாம். கேட்க வேண்டும். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட், கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், வேலைக்காக ஆளிடம் பணம் வாங்கவே கூடாது என்பது இந்தியச் சட்டம். அப்படியென்றால் ஒன்றரை லட்சம் எங்கே போனது? கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியா 2015இல் சேர்ந்தது. அதன்படி ஒருவனைப் பதினோரு மாதத்துக்கு மேல் விடாமல் கப்பலில் வைத்திருக்கக் கூடாது, ஊருக்கு அனுப்புகிற செலவு கப்பல்காரனுடையது, கைவிட்டுப் போனால் நாலு மாதச் சம்பளம் வரைக்கும் காப்பீட்டிலிருந்து வர வேண்டும். கொரோனாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு திருத்தங்கள் வந்தன, 2024 டிசம்பரில் நடைமுறைக்கும் வந்தன. பாதுகாப்பு உடை அவரவர் உடம்புக்குப் பொருந்துகிற அளவில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பொருந்தாத உடையைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் தட்டு வைத்திருந்தால் இப்படி ஒரு விதி எழுதியிருப்பார்கள்! கொள்ளைநோய் வந்து கப்பல் நின்றால், ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து கரையில் கால் வைக்கிற நாள் வரைக்கும் சம்பளம் யார் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். நமக்குத் தேவை அந்த ஒரு வரி. வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறதே, அது கேட்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. இரண்டாம் சனி, நான்காம் சனி வங்கிக்கு விடுமுறை. செஞ்சி ரோட்டில் நம் தோழர்கள் நடத்துகிற மாலைப் பள்ளியில் இருப்பேன். ஏஜெண்ட் கொடுத்த தாளை, ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். கப்பலுக்கு எந்த நாட்டுக் கொடி, சம்பளம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, திரும்பி வரும் டிக்கெட் யார் செலவு, இந்த மூன்றையும் முதலில் தேடிப் படிப்போம். ஏஜெண்டின் உரிம எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள், கப்பல் துறை இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.